விண்கல் செய்திக்குச் சதவிகிதம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது என்ற செய்தி ஆண்டுதோறும் சில முறையாவது நம் நாளிதழ்களில் இடம்பெறுகிறது. கல்லின் பெயர், அளவு, வரும் தேதி, மோதுவதற்கான சதவிகிதம் ஆகிய நான்கும் தவறாமல் அச்சாகின்றன. அந்தச் சதவிகிதத்தை எப்படிக் கணக்கிட்டார்கள், எத்தனை நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், அடுத்த வாரம் அது ஏன் மாறக்கூடும் என்பவை மட்டும் விடுபட்டுப் போகின்றன. வாசகர்களின் குழப்பத்துக்கும் வீண் அச்சத்துக்கும் இந்த விடுபடலே முதற்காரணம் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2025 பிப்ரவரியில் '2024 ஒய்ஆர்4' என்ற விண்கல்லைப் பற்றி எழுந்த பரபரப்பு பலருக்கும் நினைவிருக்கும். 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோத 3.1 சதவிகித வாய்ப்பு உண்டு என்று செய்தி வந்த மறுநாள், எங்கள் பகுதி மளிகைக் கடை அண்ணாச்சி பருப்பை நிறுத்துக்கொண்டே, "சார், எனக்குப் பாலிசி 2033-லதான் முடியுது. அதுக்கு முன்னாடியே கல்லு விழுந்துருமாமே, மிச்சத் தவணையக் கட்டவா வேண்டாமா?" என்று கேட்டார். அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். அருகில் நின்றவரோ கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். தென் அமெரிக்காவின் வடபகுதியில் தொடங்கி, ஆப்பிரிக்காவையும் அரபிக் கடலையும் கடந்து மும்பை, கொல்கத்தா வரை ஒரு கோடு நீண்டிருந்தது. மதுரை அக்கோட்டில் இல்லை என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி. அது கல் வரும் பாதையன்று என்பதையும், ஒருவேளை மோதினால் விழக்கூடிய இடங்கள் அத்தனையையும் சேர்த்து வரைந்த கோடு என்பதையும் அவர் படித்த செய்தியில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கல் 2024 டிசம்பர் 25 அன்று பூமியைக் கடந்து போனது. அதை முதன்முதலாகக் கண்டதே இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 27 அன்று, சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியின் வழியாகத்தான். சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் வரும்போது கண்ணில் படவில்லை. நம்மைவிட்டு விலகிச் செல்லும் ஒரு சிறு ஒளிப்புள்ளியைச் சில வாரங்களே பார்த்துவிட்டு, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அது எங்கே இருக்கும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. தொடக்க அளவீட்டில் இருக்கும் மிகச் சிறிய பிழையும் எட்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கான கிலோமீட்டராக வளர்ந்துவிடும். ஆகவே, கணக்கின் முடிவில் கிடைத்தது ஓர் இடம் அன்று. அந்தக் கல் எங்கே வேண்டுமானாலும் இருக்கக்கூடிய மிக நீண்ட ஒரு பட்டை. அப்பட்டையின் ஒரு மூலையில் பூமியும் இருந்தது. பட்டையில் பூமி அடைத்துக்கொண்ட பங்கைத்தான் சதவிகிதமாகச் சொன்னார்கள்.

ஜனவரி இறுதியில் ஒரு சதவிகிதத்தைத் தாண்டியிருந்த அந்த எண், பிப்ரவரி 18 அன்று 3.1 ஆகி, பிப்ரவரி 24 அன்று 0.004 ஆகச் சரிந்தது. ஏறிக்கொண்டே வந்த ஆபத்து ஆறே நாளில் எப்படி மறையும், எதையோ மறைக்கிறார்கள் என்று பேசியவர்களும் உண்டு. மதுரையிலிருந்து திருச்சி செல்லும் பேருந்தில் ஒருவர் ஏறுகிறார். வழியில் உள்ள முப்பது நிறுத்தங்களில் எதில் இறங்குவார் என்று நமக்குத் தெரியாது. அவர் கொட்டாம்பட்டியில் இறங்க முப்பதில் ஒரு வாய்ப்பு. மேலூர் தாண்டியும் அவர் இறங்கவில்லை என்று தகவல் வந்தால், மிஞ்சிய நிறுத்தங்கள் குறைவதால் கொட்டாம்பட்டிக்கான வாய்ப்பு கூடிவிடும். அவருக்கும் கொட்டாம்பட்டிக்கும் புதிதாக எந்தத் தொடர்பும் ஏற்பட்டுவிடவில்லை. நமக்குத் தெரியாதது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பேருந்து கொட்டாம்பட்டியையும் தாண்டியபின் அந்த வாய்ப்பு ஒரே அடியில் பூச்சியமாகும். விண்கல் கணக்கும் இப்படித்தான். ஒவ்வோர் இரவின் அளவீடும் பட்டையைச் சுருக்கியது. சுருங்கிய பட்டைக்குள் பூமி இருந்தவரை அதன் பங்கு கூடியது. பூமி பட்டைக்கு வெளியே வந்ததும் எண் விழுந்தது. ஏறிப் பிறகு விழுவது இத்தகைய கணக்குகளில் வழக்கமான ஒன்று என்பதை, 3.1 என்ற எண்ணை வெளியிட்ட அன்றே நான்கு வரியில் எழுதியிருக்கலாம்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. சுமார் 340 மீட்டர் அளவுள்ள அபோஃபிஸ் என்ற விண்கல் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2029-இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு, 2004 டிசம்பர் 27 அன்று 2.7 சதவிகிதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய நாள்தான் சுனாமி. நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து வந்த செய்திகளுக்கு நடுவே நம்மில் யாரும் வானத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இல்லை. அதே டிசம்பர் 27 அன்று, அவ்வாண்டு மார்ச் மாதம் எடுக்கப்பட்டிருந்த பழைய படங்களில் அந்தக் கல் பதிவாகியிருப்பதைத் தேடிக் கண்டெடுத்தார்கள். அந்தச் சில மாத இடைவெளி பட்டையைச் சுருக்க, 2029-க்கான ஆபத்து நீங்கியது. 2021-இல் ரேடார் அலைகளைக் கொண்டு அளந்தபின், இன்னும் நூறு ஆண்டுகளுக்காவது அபோஃபிஸ் மோதாது என்று உறுதி செய்யப்பட்டது.

கிரகணத்தை நொடி சுத்தமாகக் கணிக்கிறவர்கள் கல்லுக்கு மட்டும் ஏன் சதவிகிதம் சொல்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. 2031 மே 21 அன்று நிகழவிருக்கும் வளையச் சூரிய கிரகணத்தின் பாதை தேனி, மதுரை வட்டாரத்தின் வழியாகச் செல்வது இப்போதே கணிக்கப்பட்டுவிட்டது. சூரியனையும் சந்திரனையும் மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக அளந்து வந்திருக்கிறார்கள். சந்திரனில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து அதன் தொலைவை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் துல்லியமாகக் கண்டுவருகிறார்கள். ஒய்ஆர்4-ஐப் பார்க்கக் கிடைத்ததோ சில வாரங்கள். இரண்டுக்கும் இயக்க விதி ஒன்றே. வேறுபாடு பார்த்த கால அளவில் இருக்கிறது. எனவே 'இத்தனை நாள் கண்காணிப்புக்குப் பின்' என்ற ஒரு தொடர் இத்தகைய செய்தி ஒவ்வொன்றிலும் இருந்தால், எந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

தொலைவைச் சொல்வதிலும் இதே குறை உண்டு. 'பூமியை உரசிச் செல்கிறது' என்ற தலைப்பின் கீழ், பல லட்சம் கிலோமீட்டர் என்று உள்ளே எழுதியிருக்கும். சந்திரன் சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடந்து போகும் கல் சந்திரனைப் போல எத்தனை மடங்கு தொலைவில் போகிறது என்று சேர்த்து எழுதினால், உரசல் எவ்வளவு என்பது விளங்கிவிடும். தினமும் ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

அச்சப்பட ஏதுமில்லை என்று எழுதச் சொல்வதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் பாதிகூட இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல்லின் அளவு ஏறத்தாழ 20 மீட்டர். சூரியனின் திசையிலிருந்து வந்ததால் அதை முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை. அன்று காயமடைந்த ஏறத்தாழ 1,500 பேரில் பெரும்பாலோர் உடைந்த ஜன்னல் கண்ணாடியால் காயம்பட்டவர்கள். பளீரென்ற ஒளியைக் கண்டு ஜன்னலருகே ஓடி நின்றவர்களை, ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை தாக்கியது. வானில் பெரும் ஒளி தோன்றினால் கண்ணாடியை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது, ஒரு பள்ளி மாணவருக்குத் தெரிந்திருந்தாலும் உயிர் காக்கக்கூடிய செய்தி. 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை, பெரிய கல் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற கல்லின் மீது மோதவிட்டு, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாகக் குறைத்துக் காட்டியதும் நம் வாசகர்களுக்கு விரிவாகச் சென்று சேரவில்லை. கல்லைத் திசைதிருப்ப வழி இருக்கிறது, முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் குறை இருக்கிறது என்ற உண்மையான நிலையைச் சொன்னால் வாசகர் அதைத் தாங்கிக்கொள்வார்.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. அபோஃபிஸ் பூமிக்கு மிக அருகில் வருவது, நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை ஏறத்தாழ மூன்றேகால் மணிக்கு. அன்று சித்திரை முதல் நாள். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இருக்கும் 36,000 கிலோமீட்டரைவிடத் தாழ்வாக அது கடந்து செல்லும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பகுதிகளில் வெறும் கண்ணுக்கே தெரியும். புத்தாண்டுப் பஞ்சாங்கப் பலன்களோடு இதையும் முடிச்சுப்போட்டு வாட்ஸ்அப்பில் என்னென்ன வரும் என்பதைத் தாங்களும் ஊகிப்பீர்கள். கொடைக்கானலில் 1899 முதல் வானியல் ஆய்வகம் இயங்குகிறது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள வானியலாளர்களிடம் கேட்டு, அந்தக் கல்லின் பாதை எப்படி அறியப்பட்டது, மோதாது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை அவ்வாண்டு மாசி மாதமே தொடராக வெளியிட வேண்டுகிறேன். சித்திரை முதல் நாள் காலையில் வெளியிட்டால், பேச்சு அதற்குள் எங்கெங்கோ போயிருக்கும். இடையில் வேறு கல்லுக்கு ஒரு சதவிகிதத்தை முதல் பக்கத்தில் அச்சிட நேர்ந்தால், அது குறைந்த செய்தியையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.