ஒரு பைப்புக்குள் எத்தனை வயர் விடலாம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் கடையில் வந்து நின்று ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: "பைப்புக்கை இன்னும் இடம் கிடக்குத்தானே, ஏசி வயரையும் அதுக்குள்ளாலை விட்டால் என்ன?" ஏலாது என்று நாங்கள் சொன்னால், கூடப் பைப் விற்கப் பார்க்கிறார்கள் என்று சிலருக்கு ஒரு யோசனை. வெளிநாட்டில் இருந்து படம் பார்த்து வேலை சொல்லும் பிள்ளைகளுக்கும் இதே சந்தேகம்தான். ஆகவே கணக்கோடு எழுதுகிறோம்.

இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று இடக் கணக்கு, மற்றது சூட்டுக் கணக்கு. எல்லாரும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். அநேகமான வீடுகளில் முதலில் தடுக்கிறது இரண்டாவதுதான்.

இடக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்க மின் விதிகளின்படி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வயர்கள் போகும் பைப்பில் உட்பரப்பின் 40 வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. ஒரே வயர் என்றால் 53 வீதம், இரண்டு என்றால் 31. பிரித்தானிய முறையில் வயருக்கு ஒரு எண், பைப்புக்கு ஒரு எண் என்று அட்டவணை இருக்கிறது. நீளமும் வளைவும் கூடக் கூடப் பைப்பின் எண் குறையும். வழி வேறென்றாலும் விடை பெரிதாக விலகாது.

சாதாரண 20 மில்லிமீற்றர் பைப்பை எடுங்கள். 20 என்பது வெளி அளவு. உள்ளே ஏறத்தாழ 17தான் இருக்கும்; பரப்பு 227 சதுர மில்லிமீற்றர், அதில் 40 வீதம் 91. பிளக் பொயின்றுக்குப் போடும் 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது), அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், மேலுறையோடு சேர்த்து 3.6 மில்லிமீற்றர் தடிப்பு. ஒன்று பிடிக்கும் இடம் பத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆக எட்டு வயர் போகும். ஆனால் அது காகிதத்தில். இடையில் இரண்டு வளைவு இருந்தால் எங்கள் வயர்மன்மார் ஆறோடு நிறுத்துவார்கள். ஒரு சர்க்கியூட்டுக்கு லைவ், நியூட்ரல், ஏர்த் என்று மூன்று வயர்; அப்படிப் பார்த்தால் இரண்டு சர்க்கியூட்.

வளைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இழுக்கும்போது வயரின் தோல் உரிவது வளைவில்தான், அது வெளியே தெரியவும் தெரியாது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் எல்போவை வயரிங்கில் போட்டு வைத்திருக்கும் வீடுகளையும் பார்க்கிறோம். அந்த மூலையில் வயர் முறுகித் திரும்புகிறதே தவிர வளைவதில்லை. ஸ்பிறிங் விட்டு வளைத்த பைப், இல்லாவிட்டால் நீள வளைவு. இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பெட்டி. எண்ணெய் பூசித்தான் இழுக்க வேண்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால் பைப் போதாது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மீற்றரில் இருந்து மெயின் போட்டுக்கு (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டிக்கு) வரும் 7/1.70 வயர், 16 சதுர மில்லிமீற்றர், தடிப்பு 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. மூன்றை 25 மில்லிமீற்றர் பைப்பில் விட்டால் கணக்குப்படி 32 வீதம்தான் நிரம்பும், தாராளம். ஆனால் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் 21 மில்லிமீற்றருக்கு மேல் வரும். பைப்பின் உள்விட்டமும் கிட்டத்தட்ட அதேதான். வளைவில் மூன்றும் ஒரே வரிசையில் விழுந்து ஆப்பு அடித்தது போல இறுகிவிடும், பிறகு முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை. பைப்பின் உள்விட்டம் வயரின் தடிப்பைப் போல மூன்று மடங்காக வரும் இடமெல்லாம் இந்தச் சிக்கல் இருக்கிறது. அதனால் அதற்கு 32 பைப்தான் எழுதுகிறோம்.

சரி, சூட்டுக்கு வருவோம்.

7/0.67 வயர், பைப்புக்குள் தனிச் சர்க்கியூட்டாகப் போனால் 24 அம்பியர் தாங்கும் என்று பிரித்தானிய அட்டவணை சொல்கிறது. அது சுற்றாடல் வெப்பம் 30 பாகையாக இருக்கும்போது. அதே பைப்பில் இரண்டு சர்க்கியூட் போனால் ஒன்றின் சூடு மற்றதையும் பிடிக்கும், ஆகவே 0.80 ஆல் பெருக்க வேண்டும், மூன்று போனால் 0.70, நான்குக்கு 0.65. மூன்று என்று வைப்போம்: 24 அம்பியர் 16.8 ஆகிவிட்டது. இப்போது அந்தப் பைப் சீற்றுக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே ஓடுகிறது. சித்திரை வைகாசி மத்தியானத்தில் அந்த இடைவெளிக்குள் தலையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 40 பாகை என்று குறைத்தே பிடித்தாலும் இன்னொரு 0.87. மிஞ்சுவது 14.6 அம்பியர்.

அந்த வயருக்கு போட்டில் 20 அம்பியர் பிரேக்கர் போட்டிருப்பார்கள். 3 கிலோவாற் ஹீற்றர் ஒன்றே 13 அம்பியர் இழுக்கும். பக்கத்தில் கேத்திலையும் போட்டால் 20ஐத் தாண்டிவிடும், ஆனாலும் பிரேக்கர் உடனே விழாது, கொஞ்சம் தாண்டினால் நெடுநேரம் பொறுத்துக்கொண்டிருக்கும். வயரோ 14.6இலேயே தன் எல்லையைத் தொட்டுவிட்டது. பி.வி.சி. உறைக்கு 70 பாகை எல்லை. அதைத் தாண்டித் தாண்டி ஓடினால் உறை காய்ந்து, தொட்டால் உதிரும். "றிப் சுவிச் இருக்குத்தானே" என்பார்கள். அது கரண்ட் ஏர்த்துக்குக் கசிந்தால் விழுவதற்கு உள்ளது. வயர் சூடாவது அதற்குத் தெரியாது.

ஏர்த் வயரில் சாதாரணமாகக் கரண்ட் ஓடாது. ஆகவே அது இடக் கணக்கில் சேரும், சூட்டுக் கணக்கில் சேராது. எல்.ஈ.டி. லைற்றுக்குப் போகும் 1/1.13 வயர்களும் அப்படித்தான்: இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, தாங்கக்கூடியதில் 30 வீதத்துக்கு உள்ளே நின்றால் சூட்டுக் கணக்கில் அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிடலாம். லைற் வயர்களைச் சேர்த்து விடச் சொன்னால் நாங்கள் முகம் சுழிக்க மாட்டோம். ஹீற்றர், ஏசி, அடுப்பு, கிணற்று மோட்டர், இவற்றுக்குத்தான் தனிப் பைப் கேட்கிறோம்.

துளைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தகரப் பெட்டியில் துளைத்தால் விளிம்பில் றப்பர் புஷ் கட்டாயம். தகரம் என்றால் ஒரே சர்க்கியூட்டின் லைவும் நியூட்ரலும் ஒரே துளையால்தான் போக வேண்டும், பிரித்து விட்டால் தகரமே சூடாகும். பழைய வீடுகளின் பனை வளைகளில் (கூரையைத் தாங்கும் மரங்களில்) நாங்கள் துளை போடுவதில்லை. பனைக்கு வைரம் வெளிப்பக்கத்தில். அதைத் துளைத்தால் பலமான பகுதிதான் போகும். பக்கத்தால் கிளிப் அடித்துக் கொண்டுபோவோம், அழகு கொஞ்சம் குறைந்தாலும். கமரா வயரையும் இன்ரநெற் வயரையும் கரண்ட் பைப்பில் விடச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

இனி எங்கள் விலைமதிப்பீட்டில் போட்டில் இருந்து புறப்படும் பைப்புகள் எல்லாம் 25 மில்லிமீற்றராக இருக்கும். 20 வேண்டும் என்றால் சொல்லுங்கள், எத்தனை சர்க்கியூட் போகலாம் என்று அதே தாளில் எழுதித் தருவோம். மேசன்மார் பூச முதல், கொங்கிறீற் போட முதல், பைப் ஓடும் இடங்களைப் படமெடுத்து எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். எங்களிடம் சாமான் எடுத்த வீடுகளுக்கு அதைப் பார்த்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
கடையார்
யாழ்ப்பாணம்