பரிசை அப்புறம் அறிவிக்கலாம், நண்பா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டிருந்தது இரண்டு வரியில் முடிகிற விஷயமாக இல்லை, நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், அதுதான் இவ்வளவு தாமதம். இங்கே எல்லாரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள், மாலையில் அவள் வந்து சொல்லும் ஆபீஸ் கதைகளைக் கேட்பதுதான் எனக்கு இப்போது பெரிய பொழுதுபோக்கு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உனக்குப் பதவி உயர்வு என்று சொன்னதும், "அவன் பொறுமைசாலியாச்சே, நல்லா நடத்துவான்" என்றார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டீமில் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான், சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கிறார்கள், ஆனால் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை, மீட்டிங்கில் கேட்டால் ஆளாளுக்கு லேப்டாப்பைப் பார்க்கிறார்கள், அதனால் மாதாமாதம் சிறந்த ஐடியாவுக்கு ஒரு பரிசு அறிவிக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர்களிடம் யோசனை இல்லை என்று நீ நினைக்கிறாய், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் ஒரே வேலையைச் செய்கிறவருக்கு அதில் எது வீண், எது இடிக்கிறது, எதை மாற்றினால் சுலபமாகும் என்பது தெரியாமல் இருக்காது. அதை உன் முன்னால் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. உனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரிடம் என்ன பாடம் கற்றார்களோ, அதை வைத்துத்தான் உன்னையும் கணக்குப் போடுகிறார்கள். அதனால் ஒருவர் வாய் திறந்த அடுத்த நிமிடத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் இப்போது முக்கியம். பரிசெல்லாம் அப்புறம்.

ஃபோர்டு கம்பெனியில் நடந்ததை நீ கேள்விப்பட்டிருக்கலாம். 2006-இல் ஆலன் முலாலி போயிங்கிலிருந்து வந்து அதன் தலைமையை ஏற்றார். அந்த வருடம் மட்டும் ஃபோர்டுக்கு 1,200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அவர் வாராவாரம் எல்லாத் துறைத் தலைவர்களையும் உட்காரவைத்து, ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் பச்சையாகவே வந்தது. இவ்வளவு பணத்தை இழந்துகொண்டிருக்கிறோம், சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று அவரே கேட்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, புதிய கார் ஒன்றின் அறிமுகத்தில் சிக்கல் என்று சிவப்பு காட்டினார். அவருடைய வேலை போயிற்று என்றுதான் அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். தட்டிவிட்டு, இவருக்கு யார் உதவ முடியும் என்று கேட்டார், அங்கேயே இரண்டு மூன்று பேர் முன்வந்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் மற்றவர்களுடைய தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது ஃபோர்டு போகவில்லை. அதற்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பெரிய கடனும் ஒரு காரணம், கைதட்டலே காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை மேசைக்கு வராத இடத்தில் எந்தக் கடனும் உதவியிருக்காது.

இது கெட்ட செய்தியைப் பற்றியதுதானே, புது யோசனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். இரண்டும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. "இது சரியில்லை" என்று சொல்லத் தயங்குகிறவர் "இதை இப்படி மாற்றிப் பார்க்கலாமா" என்றும் சொல்ல மாட்டார், ஏனென்றால் இரண்டாவதற்குள் முதலாவது ஒளிந்திருக்கிறது. ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் இருக்கிறார். 1990-களில் அவர் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அப்புறம்தான் புரிந்தது, அவர்கள் அதிகத் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் பேசுகிறார்கள். பேசினால் அவமானப்பட மாட்டோம் என்ற அந்தக் கூட்டு நம்பிக்கைக்கு உளவியல் பாதுகாப்பு என்று பெயர், அதைப் பற்றி 1999-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. கூகுளும் பின்னாளில் தன் குழுக்களையே ஆராய்ந்து பார்த்தபோது, யார் எந்தக் கல்லூரியில் படித்தார்கள் என்பதைவிட இதுதான் முன்னால் வந்து நின்றது.

உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருந்தாய். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், வாடிக்கையாளர் புகார்களை வாரக் கடைசியில் மொத்தமாகப் பார்க்காமல் அன்றன்றே வகை பிரித்தால் என்ன என்று கேட்டார், சீனியர் ஒருவர் சிரித்தார், நீயும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய் என்று. எனக்கு அந்தப் பத்தியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தது அந்தச் சிரிப்பை இல்லை, உன் முகத்தை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று சொன்னதை விரிவாகச் சொல்லம்மா என்று கேள். அது போதாது, அடுத்த மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், அவர் பெயரைச் சொல்லி, அந்த யோசனையை ஒரு வாரம் செய்து பார்க்கப் போகிறோம் என்று சொல். சரிவராமல் போனாலும் போகட்டும். ஒரு வாரத்தில் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது.

நான் இரண்டு விதமான மேலதிகாரிகளிடமும் வேலை செய்திருக்கிறேன். ஒருவர் ரொம்ப அறிவாளி, அதுதான் சிக்கல். யார் எதைச் சொன்னாலும் அது ஏன் நடக்காது என்பதற்கு மூன்று காரணங்கள் அவர் கையில் தயாராக இருக்கும், மூன்றும் சரியாகவும் இருக்கும். கொஞ்ச நாளில் நாங்கள் எல்லாரும் அவர் என்ன சொல்வார் என்று முதலிலேயே யோசித்து, நாங்களே எங்கள் யோசனையைக் கொன்றுவிடப் பழகிவிட்டோம். இன்னொருவர் அவ்வளவு படித்தவர் இல்லை. யாராவது எதையாவது சொன்னால், "சரி, இது நடக்குமா நடக்காதா என்று தெரிந்துகொள்ள நாம் செய்யக்கூடிய மிகச் சின்ன காரியம் என்ன?" என்று கேட்பார். அவ்வளவுதான் அவர் வித்தை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பாதி யோசனைகள் தாமாக உதிர்ந்துவிடும், மீதிப் பாதி உருப்படியாகும், யாருக்கும் முகம் வாடாது. அவரிடம் இருந்த வருடங்களில் நான் கற்றதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

அடுத்தது, செய்து பார்க்க இடம் கொடுப்பது. நல்ல வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பேரிடம் அப்ரூவல் வாங்கச் சொன்னால் ஒன்றும் நடக்காது. இதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை 3எம் கம்பெனியுடையது. 1920-களில் அங்கே ரிச்சர்ட் ட்ரூ என்று ஒரு இளைஞர், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர், உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்கக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளுக்குப் போய்வருவார். இரண்டு நிறம் அடிக்கும்போது மறைப்புக்கு ஒட்டிய காகிதத்தை உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடுகிறது என்று அங்கே திட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தீர்வாக நோகாமல் உரிகிற ஒரு டேப்பைச் செய்ய உட்கார்ந்தார். உன் வேலை உப்புத்தாள், அதைப் பார் என்று மேலிடத்தில் வில்லியம் மெக்நைட் சொல்லியும் அவர் விடவில்லை. பெரிய எந்திரம் வாங்கப் பணம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். 100 டாலர் வரை தானே செலவு செய்ய அவருக்கு அதிகாரம் இருந்ததால், 99 டாலர் கொள்முதல் சீட்டுகளாக எழுதி எழுதியே அந்த எந்திரத்தை வரவழைத்துவிட்டார் என்று சொல்வார்கள். 1925-இல் மாஸ்கிங் டேப் வந்தது, 1930-இல் ஸ்காட்ச் டேப் வந்தது, உப்புத்தாள் கம்பெனி வேறு கம்பெனியாகிவிட்டது. எனக்கு இதில் ட்ரூவைவிட மெக்நைட்டைத்தான் அதிகம் பிடிக்கும். தன் சொல்லை மீறியவர் ஜெயித்ததைப் பார்த்து அவர் கோபப்படவில்லை, பாடம் படித்துக்கொண்டார். பொறுப்பைக் கையில் கொடுத்தால் தவறுகள் நடக்கத்தான் செய்யும், தவறு நடக்கும்போதெல்லாம் கடித்துக் குதறுகிற நிர்வாகம் ஆட்களின் முனைப்பையே கொன்றுவிடும் என்ற கருத்தை 1948-இல் அவர் கம்பெனியின் கொள்கையாகவே எழுதிவைத்தார். வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தனக்குப் பிடித்த ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கமும் அங்கேதான் வளர்ந்தது.

அதே 3எம்-இல் 1968-இல் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை ஒன்றைத் தேடப்போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பசையைக் கண்டுபிடித்தார். எதற்குப் பயன்படும் என்று அவருக்கே தெரியாது, ஆனாலும் வருடக்கணக்காகக் கம்பெனிக்குள்ளே பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை என்பவருக்கு, தேவாலயத்தில் பாடும்போது பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருந்ததில் 1974-இல் பொறி தட்டியது. 1980-இல் போஸ்ட்-இட் என்ற ஒட்டுச்சீட்டு அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தது. முதல் பசைக்கும் கடைக்கும் நடுவே 12 வருடம்! உன் அவசரத்துக்கு இந்தக் கணக்கைச் சொல்கிறேன். சில்வரை வாயை மூடு என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை, வேறு துறைக்காரர் வந்து கேட்கவும் தடையில்லை, எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். உன் டீமில் இருப்பவர்கள் பக்கத்து டீம் என்ன செய்கிறது என்று போய்ப் பார்க்க மாதம் ஒரு அரை நாளாவது கொடு. யாரும் கணக்குக் கேட்காத அரை நாளாக இருக்கட்டும்.

உன் பரிசுத் திட்டத்துக்குத் திரும்புகிறேன். 1962-இல் சாம் கிளக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குண்டூசிகள், இவற்றை வைத்து மெழுகு கீழே சொட்டாமல் வர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து அதையே தாங்கியாகச் சுவரில் குத்த வேண்டும் என்பது விடை. சீக்கிரம் முடித்தால் பணம் என்று சொல்லப்பட்டவர்கள் சும்மா செய்தவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். குண்டூசிகளை வெளியே கொட்டிக் காலிப் பெட்டியாகக் கொடுத்தபோது, அதாவது விடை கண்ணுக்கு நேரே தெரிந்தபோது, பணம் வாங்கியவர்கள் வேகமாக முடித்தார்கள். வழி தெரிந்த வேலைக்குப் பரிசு உந்துதல், வழி தெரியாத வேலையில் அது கண்ணைக் குறுக்கிவிடுகிறது. தவிர, பரிசு என்று வந்துவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து வளர்த்த யோசனை யாருடையது என்ற பேச்சு வரும், அந்த வம்பு உனக்கு இப்போது வேண்டாம்.

எல்லாரையும் உட்காரவைத்து ஐடியா சொல்லச் சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கூட்டமாக உட்கார்ந்து பேசியவர்களைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக யோசித்துச் சேர்த்தபோது அதிக யோசனைகள் வந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார், காத்திருக்கும்போதே மறந்துவிடுகிறார். அதனால் முதல் பத்து நிமிடம் எல்லாரும் எழுதட்டும், பிறகு பேசட்டும். நீ கடைசியில் பேசு. இதை மட்டும் தயவுசெய்து விடாதே. பிக்சார் என்ற அனிமேஷன் படக் கம்பெனியில் படம் பாதியில் இருக்கும்போதே போட்டுக் காட்டி இயக்குநர்கள் ஒருவருக்கொருவர் குறை சொல்லும் கூட்டம் உண்டு. அங்கே சொல்வதெல்லாம் கருத்து மட்டும், உத்தரவு கிடையாது, எதை ஏற்பது என்பது படத்தின் இயக்குநர் பாடு. ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தக் கம்பெனியின் முதலாளியாக இருந்தும் அந்தக் கூட்டங்களில் உட்காரவில்லை. அவர் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று அந்தக் கம்பெனியை நடத்திவந்த எட் கேட்மல் கருதினார், ஜாப்ஸும் அதை ஏற்றுக்கொண்டார். உன் பேச்சுக்கும் இப்போது எடை கூடிவிட்டது. நீ சாதாரணமாகச் சொல்வதைக்கூட அவர்கள் உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு யோசனையை ஏற்க முடியாவிட்டால், முடியாது என்பதைக் காரணத்தோடு, அந்த வாரத்துக்குள் சொல்லிவிடு. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் மறுப்பதைவிடக் கொடுமை. என் மகள் ஆபீஸில் இதுதான் நடக்கிறது, நாலு மாதம் முன்னால் அவள் எழுதிக்கொடுத்ததற்கு இன்னும் ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை, இனி எதையும் எழுதப் போவதில்லை என்கிறாள். எனக்குக் கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

நடைமுறையாக ஒன்று செய். டீமில் யாரும் உன்னைக் கேட்காமலே, ஒரு சின்னத் தொகையும் இரண்டு நாள் நேரமும் செலவழித்து எதையாவது சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு வரம்பை உன் மேலதிகாரியிடம் பேசி எழுத்தில் வாங்கு. எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை அப்ரைசல் நேரத்தில் நிற்காது. அவர் முடியாது என்று சொன்னால் எனக்கு எழுது, எப்படிக் கேட்டால் இறங்கி வருவார் என்று சேர்ந்து யோசிப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன், போனும் செய்யலாம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்