யூகலேலேவுக்கு எந்த ஸ்பீக்கர்?

அன்புள்ள கயல்,

4,000 ரூபாய்க்குள் ஒரு ஸ்பீக்கர் சொல்லுங்கப்பா என்று போனில் கேட்டாய். உடனே சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம். 30 வருடம் மைக் செட் போட்டிருக்கிறேன், உன் யூகலேலேவுக்கு, அந்த நாலு நரம்புக் குட்டி கிட்டாருக்கு, ஒருமுறைகூடப் போட்டதில்லை. யோசிக்க இரண்டு நாள் ஆகிவிட்டது.

பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். வழக்கமான சுருதியில் உன் வாத்தியத்தின் ஆகக் கீழ் ஸ்வரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே நீ அதைத் தட்டுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கீழ் ஸ்வரத்துக்கென்று வைக்கிற பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்குக் கொடுக்கிற காசு தண்டம்.

நீ அனுப்பிய போட்டோவில் பக்கவாட்டில் குமிழும் இல்லை, பேட்டரிப் பெட்டியும் இல்லை. அடியில் ஜாக் ஓட்டை மட்டும் தெரிகிறது. அப்படியானால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் பீசோ, அழுத்தினால் மின்சாரம் தருகிற சில்லு. நரம்பு நைலான் என்பதால் எலெக்ட்ரிக் கிட்டார்போலக் காந்தம் வைத்தால் பிடிக்காது, அதிர்வின் அழுத்தத்தைத்தான் மின்சாரமாக்க வேண்டும். அந்த மின்சாரம் ஊற்றுக் கிணறு மாதிரி. மெல்லச் சுரக்கும். மைக் சொருகும் இடத்தில் சொருகினால் அதில் 5 எச்.பி. மோட்டார் போட்ட கதைதான். அந்த உள்ளீட்டின் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, சில ஆயிரம் ஓம், பீசோவுக்கோ பத்து லட்சம் ஓமாவது வேண்டும். இல்லையென்றால் கனமெல்லாம் வற்றி, கீச்சு மட்டும் மிஞ்சும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு திருவிழாக் கச்சேரியில் வயலின்காரர் ஒட்டு பிக்கப்போடு, அதாவது வாத்தியத்தில் ஒட்டி அதிர்வைப் பிடிக்கிற பீசோவோடு, வந்தார். நேராக மைக் லைனில் சொருகினேன், தகர டப்பா மாதிரி கேட்டது. பேஸை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். அவர் பாட்டின் நடுவிலேயே ஒயரைப் பிடுங்கிவிட்டு மைக்கைக் காட்டினார். அப்புறம் ரொம்ப நாள், பிக்கப்தான் மட்டம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்!

அதனால் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில் இருக்கிற பழைய கிட்டார் பிராக்டிஸ் ஆம்ப் ஒன்று தேடு, 10 வாட் போதும். கிட்டார் உள்ளீடு பெரும்பாலும் பத்து லட்சம் ஓம்தான், பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவே போடுகிற பிரீஆம்பைத் தனியாக வாங்க வேண்டாம். சத்தத்தைக் கரகரக்க வைக்கிற ஓவர்டிரைவை அணைத்துவிடு. கிட்டார் ஸ்பீக்கரில் மேல் சத்தம் மழுங்கும் என்பார்கள். பீசோவின் கீச்சுக்கு அது நல்லதே. புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம், நீ மீட்டிய பிறகு தாமதமாக வரும், கை தடுமாறும்.

கதை கேட்க 40 குழந்தைகள் என்றாய். ஆம்பைத் தரையில் வைக்காதே, நாற்காலியில் ஏற்றி உனக்கு முன்னால், பக்கவாட்டில் வை. வாத்தியத்தை அதன் பக்கம் திருப்பினால் கூவும். அப்படியும் கூவினால் துளையில் ஒரு கைக்குட்டையைத் திணி. சொருகும்போதும் பிடுங்கும்போதும் வால்யூம் சைபரில் இருக்கட்டும்.

கேபிள் வாங்காதே, நானே பற்றவைத்துவிட்டேன். பத்தடிதான். பேட்டரி இல்லாத பிக்கப்புக்கு நீளம் கூடினால் சத்தம் குறையும். அம்மா அனுப்புகிற முறுக்கு டப்பாவோடு பார்சலில் வருகிறது, எண்ணெய்க் கையோடு தொடாதே. சிவப்பு டேப் சுற்றிய முனை வாத்தியத்துக்கு. இரண்டு முனையும் ஒன்றேதான், எனக்கு டேப் சுற்றாமல் இருக்க முடிவதில்லை.

அன்புடன்,
அப்பா