ஏக்கருக்குள் ஒரு பகல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கிலாந்திலிருந்து நீ அனுப்பிய லாக்ஸ்டன் கிராமத்துப் படங்கள் வந்தன. மாப்பிள்ளை நிற்பதைவிட, அவருக்குப் பின்னால் வேலியே இல்லாமல் விரிந்து கிடக்கிற வயலைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திட்டினாள். சர்வே துறையிலேயே தலை நரைத்தவனுக்கு வேறு என்ன கண்ணில் படும்?

வயலைப் பிரித்திருக்கிற அந்த நீளப் பட்டைகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். மாடுதான் காரணம். அங்கே மண் களிமண், கலப்பை கனம். அந்தக் காலத்தில் ஓர் ஏருக்கு எட்டு மாடு என்பது கணக்கு. நம் ஊர் ஜோடி மாட்டைப் போல வரப்போரம் சட்டென்று திருப்ப முடியாது. அதனால் திருப்பம் குறைய, உழவுச் சாலை, அதாவது கலப்பை கீறுகிற கோட்டை, நீளமாக ஓட்டினார்கள். ஒரு சாலின் நீளம்தான் ஃபர்லாங், 220 கஜம். பட்டையின் அகலம் 22 கஜம். இரண்டையும் பெருக்கிப் பார், ஒரு ஏக்கர் வரும். ஓர் ஏர் ஒரு பகலில் உழுகிற நிலம் என்பதுதான் ஏக்கருக்கு முதலில் இருந்த பொருள். அந்த 22 கஜத்தையே 1620 வாக்கில் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 100 லிங்க் (கண்ணி) கொண்ட, நிலம் அளக்கும் சங்கிலியாக ஆக்கினார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய புலப்பட அளவெல்லாம் அந்த லிங்க்கில்தான் இருந்தது. நீ சின்ன வயதில் மட்டையோடு ஓடிய கிரிக்கெட் பிட்சும் அதே 22 கஜம்தான்!

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். "நல்ல மண்ணிலும் கொஞ்சம், மோசமான மண்ணிலும் கொஞ்சம் என்று எல்லோருக்கும் பிரித்திருக்கிறார்கள், எவ்வளவு நியாயம்" என்று எழுதியிருந்தாய். பாதி சரி. ஊர் முழுக்க மூன்று பெரிய வயல். ஒன்றில் கோதுமை, ஒன்றில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி வகை, ஒன்று தரிசு. அடுத்த வருஷம் மாற்றிப் போடுவார்கள். எட்டு மாடும் ஒருவனிடமே இருக்காது என்பதால் ஏரைக்கூடச் சேர்ந்துதான் கட்டினார்கள். குடியானவர்களுக்குள் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொள்.

ஆனால் நிலத்தைப் பிரித்த மாதிரி நாளையும் பிரித்திருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு வில்லெயின், அதாவது மண்ணோடு கட்டப்பட்ட குடியானவன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊருக்குச் சொந்தக்காரரான பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். (நம் சினிமா வில்லனுக்குப் பெயர் வந்ததும் இந்தச் சொல்லின் வழியாகத்தான். பாவம், ஏழைக் குடியானவன்.) அறுவடையில் இன்னும் கூடுதல் நாள். தன் கதிர் மழையில் நனைந்தாலும் பிரபுவின் கதிர்தான் முதலில். மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும், அதற்கும் ஒரு பங்கு. மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம். வீட்டுக்காரன் செத்தால் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்தது பல ஊர்களில் பாதிரியாருக்கு. எழவு வீட்டில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறவனை நினைத்துப் பார். வழக்கு என்றால் பிரபுவின் நீதிமன்றமேதான். அபராதமும் அவருக்கே.

சாப்பாடு? கோதுமையும் ரை என்ற தானியமும் கலந்த ரொட்டி, பீன்ஸும் முட்டைக்கோஸும் போட்ட கஞ்சி, பார்லியில் வடித்த ஏல் என்ற பீர். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எதுவும் அப்போது அங்கே வந்து சேரவில்லை. உன் அம்மா ஒரு நாள் தாங்கமாட்டாள்.

1348-ல் கொள்ளைநோய் வந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்களைக் கொண்டுபோனது. ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. 1351-ல் சட்டம் போட்டு அதைப் பழைய அளவிலேயே கட்டிவைக்கப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 1381-ல், குடியானவர்கள் கிளம்பிவிட்டார்கள். பல ஊர்களில் பிரபுவின் நீதிமன்ற ஏடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். ஆவணம் காத்து வாழ்ந்தவனுக்கு இதைப் படித்தால் வயிறு கலங்கும். ஆனால் யார் அடிமை, யார் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதற்குச் சாட்சியே அந்த ஏடுதானே. நானாக இருந்தாலும் பந்தம் பிடித்திருப்பேனோ என்னவோ. பதினான்கு வயது ராஜா ரிச்சர்ட் விடுதலை தருவதாக எழுதிக்கொடுத்தார், சில வாரத்தில் ரத்தும் செய்தார்.

லாக்ஸ்டனில் இன்னும் அந்த நீதிமன்றம் கூடுகிறது என்று தெரியுமா? இப்போது யாரும் யாருக்கும் அடிமையில்லை. நவம்பர் கடைசியில் ஜூரிகள் கோதுமை வயலைச் சுற்றிவந்து, பக்கத்துப் புல் பாதையை யாராவது உழுது தின்றிருக்கிறார்களா என்று பார்த்து, எல்லைக் குச்சி அடிப்பார்கள். பட்டைகளை ஒரு நூறு வருஷத்துக்கு முன்பே சேர்த்துப் பெரிதாக்கிவிட்டதால் 22 கஜம் இருக்காது. இருந்தாலும் முடிந்தால் அந்த நாளில் போய் வா. குச்சியை எதைப் பார்த்து நேர் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கவனித்து எழுது. 1635-ல் மார்க் பியர்ஸ் அந்த ஊருக்குப் போட்ட வரைபடத்தின் படம் கிடைத்தால் அனுப்பு. பெரிய தாளில் வேண்டும், எனக்குக் கண் முன்போல இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா