ஆட்டைப் பார்க்க ஓர் ஆளை ஒதுக்குங்கள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் கால்நடை மருந்தகங்களில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உதவி மருத்துவர்களுக்கு,

வணக்கம். தொண்டிப் பக்கமும் சாயல்குடிப் பக்கமும் பல மருந்தகங்களில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். உங்கள் வயதில் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்பில் நீங்கள் என்னைவிடப் பெரியவர்கள். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மயக்க ஊசி போட்ட நிமிஷத்திலிருந்து ஆடு தானாக எழுந்து நிற்கும்வரை, வேறெந்த வேலையும் இல்லாமல் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை வையுங்கள்.

கேட்பதற்குக் காரணம் ஒரு வெள்ளாடு. நாய்கள் தொடையைக் கிழித்துவிட்டன என்று கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து சீமைக்கருவேலங்காய் மேய்ந்த ஆடு, வயிறு நிறைய இருந்தது. டாக்டர் மயக்க ஊசி போட்டுச் சுத்தம் செய்து தைத்தார். அருமையான தையல். அப்புறம் அவர் பதிவேடு எழுத உட்கார்ந்தார், நான் கத்தரி கழுவப் போனேன், அந்த அம்மா ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போனார். ஆடு வேப்பமரத்தடியில் பக்கவாட்டில் நீட்டிக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் வயிறு தவில் மாதிரி உப்பியிருக்கிறது, மூக்கில் பச்சை நுரை. தொடையின் உள்பக்கம் விரல் வைத்தேன், நாடித் துடிப்பு இல்லை. தையலின்போது ஒன்றும் ஆகாத ஆடு, யாரும் பார்க்காத அந்தக் கால்மணி நேரத்தில் போய்விட்டது. கழுவாமல் போட்டிருந்தாலும் கத்தரி எங்கும் போயிருக்காது.

ஆடு மயங்கினாலும் அதன் பெருவயிறு மயங்குவதில்லை. உள்ளே தீவனம் நொதித்துக் காற்று சேர்ந்துகொண்டே இருக்கும், ஏப்பம் மட்டும் நின்றுபோகும். எச்சில் ஊறும், விழுங்காது. மேலேறி வருவது நேராக நுரையீரலுக்குள் இறங்கும். நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் வளர்ந்த ஆட்டை 12 மணி நேரமாவது பட்டினி போடச் சொல்லலாம் (பால்குடிக் குட்டிக்குக் கூடாது). நாய்க்கடிக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கழுத்துக்கடியில் சுருட்டிய சாக்கை வைத்து வாய் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். வேலை முடிந்ததும் நெஞ்சு தரையில் படும்படி காலை மடக்கி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சாக்கு அண்டக்கொடுத்து, ஏப்பம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2002 முதல் 2004 வரை லட்சத்தை நெருங்கும் நாய்களையும் முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட பூனைகளையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மயக்கத்தோடு தொடர்புடைய சாவுகளில் நாய்களில் ஏறத்தாழப் பாதி, பூனைகளில் பாதிக்கும் மேல், ஆபரேஷன் முடிந்த பிறகு நடந்தவை. அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். கருவியும் ஆளும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதை.

மருந்தளவு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. சைலசின் என்ற மயக்க மருந்து குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு மாட்டுக்குப் போதும், வெள்ளாட்டுக்கு அதையும்விடக் கம்மி. கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்றால் 20 கிலோ ஆட்டுக்கு 1 மில்லிகிராம். மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது ஒரே ஒரு சொட்டு. மரப்பு ஊசியும் அப்படித்தான். கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்தால், 10 கிலோ குட்டிக்கு 2 சதவீத லிக்னோகெயின் இரண்டரை மில்லியோடு சரி. தராசு இல்லையென்று சொல்ல நம் கடற்கரையில் வழியே இல்லை. மீன் ஏலக்கூடத்தில் கேட்டால் தருவார்கள். குட்டியைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்திருக்கிறேன்.

சரி, பார்க்க ஆளுக்கு எங்கே போவது என்பீர்கள். ஆட்டைக் கொண்டுவந்தவரே இருக்கிறாரே. பெரும்பாலும் பெண்கள், தன் ஆடு எப்படி மூச்சு விடும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அந்தச் சாவுக்குப் பிறகு, வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். பெருவிரலால் ஈறை அழுத்தி எடுங்கள், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கிற ஆடா, கீழ் இமையை இழுத்து உள்சிவப்பைப் பாருங்கள். தொடையின் உள்பக்கம் இரண்டு விரல் வையுங்கள். விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள், இடப்பக்கம் உப்புகிறதா பாருங்கள். கொஞ்சம் மாறினாலும் கூப்பிடுங்கள். ஒரு பாட்டி எண்ணிக்கை தவறாமலிருக்க மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டையாக மடியிலிருந்து எடுத்து வைத்தார். 5 நிமிஷத்துக்கு ஒருமுறை அவர்கள் சொல்லச் சொல்ல, நான் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். முன்னே எழுதியதற்கும் பின்னே எழுதியதற்கும் வித்தியாசம் தெரிந்தால் டாக்டர் கையை நிறுத்திப் பார்ப்பார்.

சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கடியில் மட்டும் கிடத்திவிடாதீர்கள். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளாது. மழைக்கால இரவில் குட்டிக்குப் போர்த்திவிடுங்கள்.

உங்களில் யாராவது ஒரு நாள் ஒதுக்கி ஊர்ப் பெண்களை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுப்பதானால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். ஏர்வாடியோ தேவிபட்டினமோ, காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். சாக்கு நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்