பர்னர் வாயும் கண்ணாடித் துகளும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கற்பிக்கும் வேலை உனக்குப் பிடித்துப்போனதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். எரிதலைப் பற்றி உன்னைப் போலப் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அந்த மாணவர்களுக்கு நல்ல காலம்தான். மகளுக்கு உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா? மறக்காமல் எழுது.

நான் இப்போது ஒளியிழைக்கான ப்ரீஃபார்ம், அதாவது ஒளி வழியே தகவல் அனுப்பும் மெல்லிய கண்ணாடி இழையை இழுத்தெடுக்கும் தடித்த கண்ணாடித் தண்டு, செய்யும் பர்னரில் மூழ்கிக் கிடக்கிறேன். "சுடரின் வெப்பத்தை இன்னும் எவ்வளவு ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். என் மனசு இப்போது வேறு இடத்தில் நிற்கிறது. சுடர் முடிந்து கண்ணாடி தொடங்கும் அந்தச் சில சென்டிமீட்டரில்தான் எல்லாமே தீர்மானமாகிறது என்று நம்புகிறேன்.

வேதியியல் உனக்குத் தெரிந்ததுதான். சிலிக்கான் டெட்ராகுளோரைடை ஆவியாக்கிச் சுடருக்குள் விட்டால், ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீராவியோடு சேர்ந்து மிக நுண்ணிய சிலிக்காத் துகளாகிறது. ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வெளியேறுகிறது. சுழலும் கம்பியின் மேல் இந்த வெண்துகளைப் படிய வைத்து, குளோரினில் உலர்த்தி, 1400 டிகிரிக்கு மேலே உருக்கி இறுக்கினால் தெளிந்த கண்ணாடி. சுடரில் சிலிக்கா செய்வதை கார்னிங் நிறுவன வேதியியலாளர் ஃபிராங்க் ஹைட் 1934-லேயே காட்டிவிட்டார். 1966-ல் இயற்பியலாளர் சார்லஸ் காவோ, கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குள் வந்தால் கண்ணாடி வழியே தகவல் அனுப்பலாம் என்றார். 1970-ல் அதே கார்னிங்கின் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் இழப்பை அந்த வரம்புக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். இன்று சாதாரண இழையிலேயே 1550 நானோமீட்டரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மிஞ்சுகிறது. தரத்தில் இவ்வளவு தூரம் வந்தபிறகும், பர்னரிலிருந்து புறப்படும் துகளில் பெரும் பங்கு கம்பியில் ஒட்டாமல் புகைபோக்கிக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

கணக்குப் போட்டுப் பார். 170 கிராம் டெட்ராகுளோரைடுக்கு 60 கிராம் சிலிக்காதான் வரும். அதிலும் பாதி தப்பிவிட்டால் கையில் 30 கிராம். தப்பிய துகளை வடிகட்ட வேண்டும், அமிலத்தைக் கழுவி அகற்ற வேண்டும். 125 மைக்ரான் இழையில் ஒளி போகும் கரு 9 மைக்ரான்தான், பரப்பில் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு. மீதி முழுக்க உறை. ஆகவே உறைக்கான பர்னர் கொஞ்சம் திருந்தினாலும் மொத்த வேலையும் திருந்தும்.

துகள் ஏன் ஒட்டுகிறது? அவ்வளவு சிறியது கம்பியில் நேராக மோதாது, வாயுவோடு வளைந்து போய்விடும். அதைப் பரப்பை நோக்கித் தள்ளுவது தெர்மோஃபோரசிஸ். சூடான பக்கத்து மூலக்கூறுகள் வேகமாக இடிக்க, துகள் குளிர்ந்த பக்கம் நகர்கிறது. இவ்வளவு சிறிய துகளில் இந்த வேகம் அதன் பருமனைச் சார்ந்ததே இல்லை. வெப்பநிலைச் சரிவுதான் கணக்கு. அப்படியென்றால் வாயு சூடாகவும் பரப்பு குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஆனால் பரப்பு ரொம்பக் குளிர்ந்தால் படிவு பஞ்சாகி, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.2 கிராம் பக்கம் இறங்கி, வெடித்தோ உதிர்ந்தோ போகும். ரொம்பச் சூடானால் இறுகிப்போய்க் குளோரின் உள்ளே புகாது, நீராவி விட்டுச்செல்லும் ஹைட்ராக்சில் தங்கிவிடும், 1383 நானோமீட்டரில் ஒளியை உட்கவரும். ஒட்டுவதற்குக் குளிர்ச்சி, இறுகுவதற்குச் சூடு. இந்த இழுபறிதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

இரண்டையும் ஒரே கணத்தில் கேட்காமல் நேரத்தில் பிரித்துவிடலாம் என்பது என் கட்சி. பர்னர் ஓர் இடத்தை வேகமாகக் கடந்துவிட வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் அந்த இடம் ஆறியிருக்க வேண்டும். பர்னர்களை வரிசையாக வைக்கும்போது ஒன்றின் சூடு பக்கத்துப் பர்னருக்குப் பாதகமாகாத இடைவெளி வேண்டும். சுடர் தொடும்போது குளிர்ந்த பரப்பு, தொட்டபின் இறுகும் அளவு வெப்பம். இதற்குச் சுடர் குறுகலாகவும் சிதறாமலும் இருந்தாக வேண்டும்.

அங்கேதான் வடிவமைப்பு வருகிறது. நடுக்குழாயில் டெட்ராகுளோரைடும் கொஞ்சம் ஆக்சிஜனும், அதைச் சுற்றி ஆர்கான் திரை, அதற்கு வெளியே ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்குள் வளையமாகச் சிறு ஆக்சிஜன் குழாய்கள், எல்லாம் முன்னால் ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி. அந்தப் புள்ளி வாய்க்கு மிக அருகில் வந்தால் ஆக்சிஜன் தாரைகள் நடு ஓட்டத்தைக் குலைத்துவிடும், துகள் பக்கவாட்டில் தெறிக்கும். ரொம்பத் தள்ளிப்போனால் கலப்பு தாமதமாகி வினை முடியாமலே கம்பியை அடையும். ஆர்கான் திரை போதாவிட்டால் வினை வாயிலேயே நடந்து வெண்துகள் பூத்து, நாளடைவில் துவாரத்தைக் கோணலாக்கும். உதிர்ந்த ஒரு பொறுக்கு படிவில் விழுந்தால் அங்கே குமிழிதான். ஆர்கானை அதிகமாக்கினால் சுடர் ஆறிவிடும். குவார்ட்ஸ் குழாய்கள் ஒரே மையத்தில் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவுமே நடக்காது. கண்ணாடி ஊதுபவரின் கை இன்னமும் கணினியைவிட முக்கியம் என்று சொன்னால் நீ ஒத்துக்கொள்வாய்.

தொடக்கத்தில் இன்னொரு சிக்கல். கம்பி மெலிதாக இருக்கும்போது, கம்பத்தைச் சுற்றிக் காற்று போவதுபோல் சுடர் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. அதனால் நடுவில் இரண்டு வழி வைக்கலாம் என்று பார்க்கிறோம்: முதலில் உள்வழி மட்டும், மெல்லிய ஓட்டம், படிவு தடித்த பிறகு இரண்டும். விட்டம் கூடக் கூடப் பர்னரைப் பின்னுக்கு நகர்த்தி இடைவெளியைக் காப்பதும் சேர்ந்தால் நல்ல முன்னேற்றம் வரும் என்று நினைக்கிறேன்.

டெட்ராகுளோரைடுக்குப் பதிலாகக் குளோரின் இல்லாத சிலாக்சேன் (சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறிப் பிணைந்த சேர்மம்) பற்றியும் கேட்டிருந்தாய். 100 கிராம் ஆக்டாமெத்தில்சைக்ளோடெட்ராசிலாக்சேனில் 81 கிராம் சிலிக்கா வருகிறது; டெட்ராகுளோரைடில் 35 தான். அமிலமும் கிடையாது. எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் டெட்ராகுளோரைடு 58 டிகிரிக்குள் கொதித்துவிடும், இது 175 பக்கம் போகிறது. குழாய் முழுவதும் அதற்கும் மேலான சூட்டில் இருக்க வேண்டும், எங்காவது ஆறினால் திவலையாகிவிடும், அசுத்தம் இருந்தால் பிசின்போல் படிந்து அடைக்கும். போதாக்குறைக்கு அதுவே எரிபொருள். கார்பன் மிச்சமில்லாமல் எரிய ஆக்சிஜன் தாராளமாக வேண்டும், ஆகவே நாம் பேசிய ஓட்டக் கணக்கெல்லாம் புதிதாகப் போட வேண்டும். பழைய பர்னரில் திரவத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது சரிப்படாது என்பது என் கருத்து.

உன்னிடம் ஓர் உதவி. நடுக்குழாயின் விளிம்புச் சுவர் தடிமனாக இருந்தால் அதன் பின்னால் சிறு சுழல் உண்டாகித் துகளைத் திரும்ப இழுக்கிறது. விளிம்பை எவ்வளவு மெலிதாக்கலாம், ஆர்கானின் வேகம் நடு ஓட்டத்தின் வேகத்துக்குச் சமமாக இருந்தால் போதுமா, கொஞ்சம் கூட வேண்டுமா என்று உன் மாணவர் யாராவது கணக்கிட்டுப் பார்க்க முடியுமா? அளவுகளோடு படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவசரமில்லை, ஆனால் புது வாயைக் கண்ணாடி ஊதுபவரிடம் கொடுப்பதற்கு முன் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்