பிள்ளைகளின் செஸ் கணக்கு: சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் சிலர், பிள்ளைகள் இணையத்தில் ஆடிய செஸ் ஆட்டங்களை அலசத் தாங்களே சிறு தளங்கள் கட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெரும்பாலும், சிசிலியன் என்ற ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்க முறையில்) பிள்ளை எடுத்த புள்ளி முகப்பிலேயே ‘சிசிலியன்: 38 சதவீதம்’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கிறது. அதை நம்பி, பிள்ளை பழகிய ஓப்பனிங்கையே மாற்றச் சொல்கிறார்கள். அந்த 38 எத்தனை ஆட்டத்தில் வந்தது, எதிரே ஆடியவர் யார் என்று தளம் சொல்வதில்லை. இப்படிக் கட்டுபவர்களுக்காகச் சில நுணுக்கங்களை எழுதுகிறோம்.

ஆட்டங்களை இறக்குவதில் பெரிய சிரமம் கிடையாது. லிச்செஸ் என்ற செஸ் தளத்தின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வழி), ஜேசன் என்ற தரவு வடிவில் கேட்டால், பயனர் பெயரை மட்டும் வைத்து வரிக்கு ஓர் ஆட்டமாக அனுப்பும். உள்நுழையாமல் கேட்டால் நொடிக்கு 20 ஆட்டம். 3,000 ஆட்டம் இரண்டரை நிமிடத்தில் வந்துவிடும். ஒரே நேரத்தில் ஒரு கோரிக்கைதான் அனுப்ப வேண்டும். அளவு மீறிக் கேட்டதாக 429 பிழை வந்தால் ஒரு முழு நிமிடம் சும்மா இருங்கள். இன்னொரு செஸ் தளமான செஸ்.காம் மாதவாரியாகத் தருகிறது. முடிந்த மாதங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு நடப்பு மாதத்தை மட்டும் மறுபடி கேட்டால் போதும்.

முடிவுகளை எண்ணும்போதுதான் வழுக்கும். செஸ்.காம் தரவில் டிராவுக்கு ஒரே சொல் கிடையாது. ஒப்புக்கொண்ட டிரா, மும்முறை நிலை, ஸ்டேல்மேட், காய்ப் பற்றாக்குறை, 50 நகர்வு விதி, நேரம் முடிந்தும் எதிராளியிடம் காய் போதாதது என ஆறு குறியீடுகள். ‘வெற்றி இல்லையென்றால் தோல்வி’ என்று ஒரே வரியில் நிரல் எழுதினால் அத்தனை டிராவும் தோல்விக் கணக்கில் போய்ச் சேரும். காய்களின் தொடக்க இடம் மாறும் செஸ்960 போன்ற வகைகளை முதலிலேயே விலக்குங்கள். தேதியும் நேரமும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டாவிட்டால் நள்ளிரவு 1 மணி ஆட்டம் முந்தைய நாள் மாலை ஏழரைக்கு ஆடியதாகக் காட்டும். ‘பிள்ளை எந்த நேரத்தில் தடுமாறுகிறான்’ என்று போடும் வரைபடம் அதோடு வீண். இரு தளங்களையும் ஒரே அட்டவணையில் கலப்பதும் சரிவராது. 5 நிமிடமும் நகர்வுக்கு 5 நொடியும் கொண்ட ஆட்டம் செஸ்.காமில் பிளிட்ஸ் (மிக வேக வகை), லிச்செஸில் ரேப்பிட் (சற்று நிதான வகை). ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண்ணின் அளவுகோலும் வேறு.

ஓப்பனிங்கைப் பெயரை வைத்துப் பிரிக்காமல் பலகை நிலையை வைத்துப் பிரியுங்கள். ராணிப் பக்கச் சிப்பாய் ஆட்டத்தில் கறுப்பு ஆடுபவர் சிப்பாயை முதலில் டி5 கட்டத்துக்குத் தள்ளிக் குதிரையைப் பிறகு எடுத்தாலும், குதிரையை எடுத்துவிட்டுச் சிப்பாயைத் தள்ளினாலும் பலகையில் வந்து நிற்பது ஒரே நிலை. ஆனால் அந்த நிலையை முழு எஃப்இஎன் வரியாக (பலகை நிலையை ஒரே வரியில் எழுதும் முறை) சேமித்தால் இரண்டும் வேறாகத் தெரியும். அதன் ஆறு புலங்களில் கடைசி இரண்டும் நகர்வு எண்ணிக்கைகள்; அவற்றை வெட்டிவிட்டு முதல் நான்கை மட்டும் வையுங்கள். நான்காவதான ஆன்பசான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை எதிராளியின் சிப்பாய் வெட்டும் விதி) கட்டத்திலும் ஒரு சிக்கல்: சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டியதுமே சில நிரல் நூலகங்கள் அதைக் குறித்துவிடும். வெட்ட முடிந்தால் மட்டுமே குறிக்கும் பைத்தான்-செஸ் நூலகத்தை இதற்குப் பரிந்துரைக்கிறோம்.

இனி அந்த 38 சதவீதம். 25 ஆட்டத்தில் 40 சதவீதம் எடுத்த பிள்ளையின் உண்மையான அளவு ஏறத்தாழ 20-க்கும் 60-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 100 ஆட்டத்தில் இந்த ஊசலாட்டம் இரு பக்கமும் பத்துப் புள்ளிக்கும், 400 ஆட்டத்தில் ஐந்து புள்ளிக்கும் குறையும். அதாவது பிழை பாதியாக வேண்டுமானால் ஆட்டம் நான்கு மடங்காக வேண்டும். இருபது ஓப்பனிங்குகளைப் பட்டியலிட்டால் அதில் ஒன்றாவது வெறும் தற்செயலாகவே மோசமாகத் தெரியக்கூடும். அதையே தளம் சிவப்பில் காட்டிவிடலாம்!

எதிராளியின் பலத்தையும் கழிக்க வேண்டும். 100 புள்ளி அதிக ரேட்டிங் உள்ளவரோடு ஆடினால் ரேட்டிங் வித்தியாசத்திலிருந்து முடிவைக் கணிக்கும் எலோ சூத்திரப்படி எதிர்பார்க்கத்தக்கது 36 சதவீதம். அப்படிப் பார்த்தால் 38 எடுத்த பிள்ளை நன்றாகவே ஆடியிருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு, எடுத்த புள்ளியிலிருந்து கழித்து, வெள்ளைக்கும் கறுப்புக்கும் தனித்தனியாகக் காட்டுங்கள். இதில் ஒரு கண்ணி: லிச்செஸ் தருவது ஆட்டத்துக்கு முந்தைய ரேட்டிங், செஸ்.காம் தருவது ஆட்டம் முடிந்த பிறகான ரேட்டிங். பின்னதை அப்படியே போட்டால் வென்றவர் எப்போதும் சற்றுப் பலசாலியாகத் தெரிவார். அதே நேர வகையில் (பிளிட்ஸ், ரேப்பிட் போல) ஆடிய முந்தைய ஆட்டத்தின் ரேட்டிங்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரலை வைத்துத் தவறுகளை எண்ண விரும்புவோர் முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். 40 நகர்வு ஆட்டத்தில் 80 நிலைகள். நிலைக்கு அரை நொடி என்றாலும் 1,000 ஆட்டத்துக்கு 11 மணி நேரம் தாண்டும். இலவச சர்வர் தாங்காது. பயனரின் பிரவுசரிலேயே ஓட்டுவது நல்லது. ஸ்டாக்ஃபிஷ் மதிப்பெண் நகர்த்த வேண்டியவர் பக்கமிருந்து வரும். லிச்செஸ் பிஜிஎன்னில் (ஆட்டப் பதிவுக் கோப்பில்) இருப்பது எப்போதும் வெள்ளையின் பக்கமிருந்து. குறியை மாற்ற மறந்தால் கறுப்பின் நல்ல நகர்வெல்லாம் பெருந்தவறாகிவிடும்.

சென்டிபான் (ஒரு சிப்பாய் மதிப்பின் நூறில் ஒரு பங்கு) இழப்பின் சராசரியை மட்டும் காட்டாதீர்கள். 9 சிப்பாய் முன்னிலை 6 ஆவதும், சமநிலையிலிருந்து 3 பின்தங்குவதும் அதில் ஒன்றே. லிச்செஸ் வெளியிட்ட வெற்றி வாய்ப்புச் சூத்திரத்தில் முதலாவது 96-லிருந்து 90 ஆகிறது; இரண்டாவது 50-லிருந்து 25-க்கு விழுகிறது. லிச்செஸில் ஏற்கெனவே அலசப்பட்ட ஆட்டங்களை மட்டும் எடுப்பதும் வேண்டாம். யாராவது கேட்டால்தான் அங்கே அலசல் நடக்கும், எனவே அது பொதுவான மாதிரி ஆகாது.

பெற்றோரும் பயிற்சியாளர்களும் இத்தகைய தளத்தில் முதலில் தேட வேண்டியது சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆட்ட எண்ணிக்கை. 30 ஆட்டத்துக்குக் குறைந்த வரிகளைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கிவிடும்படி கட்டியவரிடம் கேளுங்கள். இந்த அலசல் முழுவதற்கும் பயனர் பெயர் ஒன்றே போதும். பிறந்த தேதி, பள்ளி, அலைபேசி எண் கேட்கும் தளத்துக்குப் பிள்ளையின் விவரத்தைத் தராதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தையே, பெற்றோர் ஒப்புதல் அவசியம்.

இப்படிக்கு,
செஸ் ஆர்வலர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.